நிலக்கரி: இல்லை

திங்கட்கிழமை, மனுநாள்.
பெண்ணாகரம் பக்கத்திலிருந்து வந்த தீர்த்தகிரி
உரச்சாக்கை என் மேசைமேல் கவிழ்த்தார்.
கோப்புகளின்மேல் உருண்டது
கன்னங்கரிய ஒரு கல்.

"நிலக்கரிங்க மேடம்.
கெணத்துல வெடி வெச்சப்ப வந்துச்சு, அறுபதடியில.
நெய்வேலிக்காரனுக்கு மட்டுந்தான் கெடைக்கணுமா?"

எரியுமா என்றேன்.
"ஆபீசர் நீங்க. நீங்களே எரிச்சுப் பாருங்க."

தருமபுரி வெயிலில், அலுவலக வாசலில்
சென்றாயனின் இஸ்திரி வண்டி.
பெட்டியைத் திறந்து கங்குகளுக்கு நடுவே
கல்லை வைத்துக் காத்திருந்தோம் மூவரும்.
மரக்கரி வெளுத்துச் சாம்பலாகி உள்ளே சரிந்தது.
கல் மட்டும்
சுட்டது, சிறுக்கவில்லை,
முன்னைவிடக் கறுத்திருந்தது.
"நாலு சட்டைக்கான கரி போச்சு" என்றான் சென்றாயன்.

எப்படிச் சொல்வேன் இவரிடம்.
நிலக்கரி, இறந்துபோன காடு.
சாவதற்கு ஒரு காடு வேண்டும்,
மூடிவைக்க ஒரு சேறு வேண்டும்.
உங்கள் கிணற்றுக் கல்லோ
இலை என்ற ஒன்றை உலகம் நினைத்துப் பார்க்கும் முன்பே
உருகி ஏறி
ஆறி இறுகிப்
படுத்துவிட்டது.
வேர் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

நூறு கோடி வருஷத்துக்கும் மேல், என்றேன்.
கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கேட்கிற முகத்தோடு
சற்று நேரம் நின்றார்.
"அப்ப எங்க பூமி
ரொம்ப சீக்கிரமா வந்து ஒக்காந்துக்கிச்சு."

பிறகு, போகிறவர் போல் திரும்பி,
சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.
"இது எரியாதுன்னு தெரியும்.
ஏர் ஓட்டினா கொழுவுல இடிக்கும்.
மாடு மேய்க்கற பசங்க பேய்ப்பீம்பாங்க."

கிட்டம்.
ஓட்டை ஓட்டையாய், வழிந்து பாதியில் நின்ற
இரும்பின் எச்சில்.
யாரோ அங்கே துருத்தி மிதித்திருக்கிறார்கள்.
இடுப்புயர மண் உலைக்கு
எத்தனை வண்டிக் கரி, எத்தனை ஆச்சா, எத்தனை வெக்காலி
என்று எந்தக் கோப்பிலும் இல்லை.
கைநீட்டும் தூரத்தில் காடு நின்றது.
எவன் தோண்டுவான் பூமியை?
தோண்டியிருந்தாலும் கல்.
அப்புறம் ரயில் வந்தது. தன் கரியைத்
தானே தூக்கிக்கொண்டு வந்தது,
தானே தின்றுகொண்டு போனது.

புகை தெரியாத மாவட்டம் என்று
எழுதிவிடலாம் என்று தோன்றியது ஒரு கணம்.
தலைக்குமேல் குழல்விளக்கு இரைந்தது.
எங்கோ செத்த காடு
கப்பலேறி ரயிலேறி மேட்டூர் வந்து
எரிந்துகொண்டிருந்தது,
நான் மனு படிக்க.

"கரின்னா அகராதியில யானைன்னும் இருக்கு" என்றேன்,
வேறு சொல்லத் தெரியாமல்.
"அது மாசாமாசம் வருதுங்க,
ராகியைத் தின்னுட்டுப் போவுது."

சாட்சி என்றும் இருக்கிறது.
அதை நான் சொல்லவில்லை.
கிட்டத்தை மேசை விளிம்பில் தட்டினேன், உடைந்தது.
உள்ளே நகக்கண் அளவு மரக்கரி,
கசடு சுற்றிக்கொண்டதால் எரிய மறந்தது.
ஆண்டு வளையங்கள்கூட இருந்தன.
எண்ணினேன். ஏழு.
எட்டாவது
விரலோடு வந்துவிட்டது.

படிவத்தில் கனிமத்தின் பெயர் என்ற இடத்தில்
நிலக்கரி என்று அவரே எழுதியிருந்தார்.
பக்கத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அந்த 'இல்லை'யின்மேல்
என் விரலின் கறுப்பு
ரேகையோடு பதிந்திருந்தது.
வேறு படிவம் எடுக்கவில்லை.

கல்லை என்னிடமே விட்டுவிட்டார்,
மின்விசிறிக்குக் காகிதம் பறக்கிறதாம்.
கிட்டத்தின் இரண்டு பாதிகளையும் மட்டும்
சாக்கில் போட்டு இறுகக் கட்டிக்கொண்டு போனார்.

சென்றாயனுக்குத் தரவேண்டிய
கரிக்காசு இன்னும் பாக்கி.